ரோமாபுரி ராஜாவும் என் வாய்மொழித் தேர்வும்

பெற்ற அப்பா மேல் இத்தனை வருஷம் கோபத்தை வைத்திருப்பது பாவம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நாளை நினைத்தால் இன்னமும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எம்.ஏ. தமிழ் கடைசிப் பருவத்தில் ஒரு போலந்து நாவலின் மொழிபெயர்ப்பு பாடமாக இருந்தது. பழைய ரோமில் வேதக்காரர்களை, அதாவது கிறிஸ்தவர்களை, சிங்கத்துக்குப் போட்ட ராஜாவின் கதை. தலையணை கனம். ஒரு பக்கம்கூட நான் புரட்டவில்லை. (திமிர், வேறென்ன?) அந்த நாவலை வைத்து எழுதிய நாடகத்தைத்தான் காரைக்காலில் எங்கள் மாதா கோயில் திருவிழாவில் வருஷா வருஷம் போடுகிறார்கள். ஒன்பது வயதிலிருந்து சிங்கத்துக்கு இரையாகும் கூட்டத்தில் நின்றவள் நான். ராஜா வேஷம் அப்பாவுக்கு. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர், நல்ல தொண்டை.

வாய்மொழித் தேர்வில் தேறினால் ஜூனில் பள்ளிக்கூட வேலை நிச்சயம் என்று சொல்லியிருந்தார்கள். தேர்வு நடத்த வந்த அம்மையார் கேட்டார்:

"கடைசியில ராஜா என்ன ஆகுறான்?"

"மனந்திரும்பி ஞானஸ்நானம் வாங்கிக்கிறாரு, மேடம்."

"எந்த அத்தியாயத்துல?"

அத்தோடு வாயை மூடியிருக்கலாமா இல்லையா?

"கடைசி சீன்ல மேடம். முழங்கால் போட்டு அழுவாரு. எல்லாரும் கைதட்டுவாங்க."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார்.

"கழுத்துல கத்திய வச்சுக்கிட்டு, குத்திக்க தைரியமில்லாம நடுங்கி, இன்னொருத்தன் அழுத்தித்தாம்மா அவன் செத்தான். போயிட்டு வாங்க."

போய்விட்டேன். வேலையும் போய்விட்டது.

பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பையை விசிறி அடித்தேன்.

"நம்ம நாடகத்துல ராஜா ஏம்ப்பா சாகல?"

"முன்னாடியெல்லாம் செத்துக்கிட்டுதான் இருந்தான். நான் வேஷம் கட்டின வருஷம் மாத்த சொல்லிட்டேன்."

"ஏன்?"

"ஏனா? திருநாளும் அதுவுமா, மாதா பாக்க, ஊரு பாக்க, நான் பாவத்தோட சாவுறதா? முடியாதுன்னுட்டேன். பங்கு சாமியாரும் சரின்னுட்டாரு. கொழம்பு ஊத்து."

ஊற்றவில்லை. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவுமில்லை. அந்த ஒரு வாரமும் நாவலை வரி விடாமல் படித்தேன், ஆத்திரத்திலேயே.

ஆறு மாதம் கழித்து மறுதேர்வு. அதே அம்மையார், அதே கேள்வி. கத்தி, நடுக்கம், ரத்தம் எல்லாவற்றையும் கொஞ்சம் ரசித்தே சொன்னேன். தேறிவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது அப்பாவின் முகம் சுருங்கியது.

"என்ன சொன்ன? நான் செத்துட்டேன்னா?"

"ஆமா. செத்துட்டீங்க. துடிச்சு செத்தீங்க."

இப்போது நான் டீச்சர். வீட்டுக்கு யார் வந்தாலும், என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் உட்பட, அப்பா என்னை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்:

"எம் பொண்ணு. எம்.ஏ. பாஸ் பண்றதுக்காக என்னைய கொன்னவ."