கிழக்குப் பார்த்த வேன்

எங்கள் வீட்டில் குறடு, சுத்தியல், ஸ்குரூட்ரைவர் மூன்றும் அலுமாரியின் மேல்தட்டில் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் மருந்துப் போத்தலை அப்படி வைப்பார்கள். எங்கள் வீட்டில் சிறு பிள்ளைகள் இல்லை. ஐம்பதைத் தாண்டிய நான்தான் இருக்கிறேன். சாவி மனைவியிடம். ஒரு பல்ப் மாற்றுவதென்றாலும் என்னை ஏதாவது சாட்டுச் சொல்லிக் கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் ஏணியை எடுப்பார்கள்.

இந்தத் தடையுத்தரவைப் போட்டவர் வாகரை மாமி. போட்ட இடம் ஒரு சோதனைச் சாவடி. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லுவாள்; அவள் சொன்னால் நான் இன்னும் பெரிய மடையனாக வருவேன்.

சண்டைக்கு நடுவில் கொஞ்சக் காலம் சமாதானம் என்று ஒன்று வந்தது. துவக்குகள் சுடாமல் சும்மா இருந்தன. ஆனால் யாரும் கீழே வைக்கவில்லை. பூட்டிக் கிடந்த பாதைகள் திறந்தன. அந்த நாட்களில் உதவி வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது தன் வேனை விற்றார். வாங்கியவர் என் அக்காவின் கணவர் குணம் மச்சான். வேனுக்குள்ளே படுக்கை, கை கழுவத் தொட்டி, திரைச்சீலை, பின்னால் கூரைக்கு ஏற ஓர் இரும்பு ஏணி. (“வேனுக்க படுத்து எழும்புற அளவுக்கு அந்த மனிசனுக்கு என்ன கஷ்டமோ” என்று அக்கா கண் கலங்கினாள்.) வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்களுக்கு அதை வாடகைக்கு விட்டுப் பணக்காரராவது மச்சானின் திட்டம்.

என் திட்டம் வேறு. களுதாவளையில் வனிதா என்று ஒருத்தி இருந்தாள். எனக்கு அவளைக் கட்டவேண்டும், அவளுக்கும் சம்மதம். அவளுடைய அப்பா ரோட்டு ஓவசியராக இருந்து ஓய்வுபெற்றவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எனக்கு ஒண்டுமில்ல. என்ட அக்கா ஓம் எண்டா ஓம்” என்றார். எங்கள் மட்டக்களப்புப் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். ஆகவே எந்த ஆம்பிளையை வீட்டுக்குள் ஏற்றுவது என்பதில் பெண் பக்கத்துப் பெண்களின் வாக்குத்தான் செல்லும். அந்த அக்காதான் வாகரை மாமி.

மாமிக்கு நல்ல உடம்பு, வெக்கை ஆகாது. என்னைப் பார்க்கக் களுதாவளைக்கு வரச் சொன்னதற்கு, “கச்சான் காத்து நெருப்பாட்டம் வீசுது. அந்தப் புழுதி றோட்டில கண்ணாடியப் பூட்டிப் போட்டு வேனுக்க அவிய என்னால ஏலா. உள்ளுக்குக் காத்து இருந்தா வாறன்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

“காத்துத்தானே மாமா? வேனுக்குள்ள ஃபேன் சுத்தும். கூரையில சோலர் பூட்டுறன்” என்றேன் நான். நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவன். (படித்தவன் என்றுதான் சொல்கிறேன். பாஸ் பண்ணியவன் என்று சொல்லவில்லை.)

சோலர் தட்டு வாங்கக் காத்தான்குடிக்குப் போனேன். கடைக் காக்கா இரண்டு தட்டுகளை எடுத்துச் சுவரில் சாத்தினார். (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்போம்.) ஒன்று சின்னது, கறுப்பு. மற்றது பெரியது, நீலம்.

“எது நல்லம் காக்கா?”

“விக்கிறவனுக்கு ரெண்டும் நல்லந்தான் தம்பி” என்று நீலத் தட்டின் மேல் விரலால் தட்டிக் காட்டினார். நானும் தட்டிப் பார்த்தேன். பலாப்பழம் வாங்கும்போது எங்களுக்கு அதுதானே பழக்கம். ஆனாலும் விஷயம் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ளாமல் விடக்கூடாது அல்லவா?

“இது எத்தின சூரியன் வரைக்கும் தாங்கும்?”

காக்கா அசரவில்லை. “இப்போதைக்கு ஒண்டுதானே தம்பி இருக்கு” என்றார்.

நீலத்தையே எடுத்தேன். வேனின் பக்கத்தில் ஓடிய நீலக் கோட்டுக்கு அது பொருந்தியது.

பூட்டும் வேலை களுதாவளையில், ஓவசியர் மாமாவின் வீட்டு வளவுக்குள் நடந்தது. தட்டைக் கூரையில் படுக்கவைத்தால் போதும் என்றார் மச்சான். நான் சிரித்தேன். தட்டு சூரியனைப் பார்த்துச் சரிந்திருக்க வேண்டும் என்று எங்கோ வாசித்திருந்தேன். எந்தப் பக்கம் சரிப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு ஓவசியர் மாமா பதில் வைத்திருந்தார்.

“கிழக்கப் பார்த்து வை மனே. வீட்டு வாசல் கிழக்க. பொங்கல் அடுப்புக் கிழக்க. சூரியன்ட சாமான வேற எங்க பார்த்து வைக்கிற?”

மாமனாராகப் போகிறவர் சொன்னால் அதுதான் பௌதிகவியல். வேன் தெற்கே மூக்கை நீட்டியபடி நின்றது. கிழக்கு அதன் இடது பக்கம். ஓவசியர் மாமா ரோட்டு அளந்த நூலையும் மட்டப்பலகையையும் எடுத்துவந்து, அணுவளவும் பிசகாமல் நேர்கிழக்கைக் குறித்தார். இரும்புச் சட்டம் அடித்து, தட்டைச் சாத்திவைத்த கரும்பலகைபோல் நிமிர்த்தினோம். கள்ளன் கழற்றக்கூடாது என்று ஆணிகள் அத்தனையையும் என் மூளையைப் பாவித்து வெல்டிங் பண்ணச் செய்தேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துத் தட்டின் நாலு மூலைக்கும் குங்குமம் வைத்தோம்.

கிழக்கை அவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்த நாங்கள் இருவரும், வேனுக்குச் சக்கரம் இருக்கிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

வளவுக்குள் நின்றபோது ஃபேன் பிய்த்துக்கொண்டு சுழன்றது. அயல் முழுவதும் வந்து ஆளுக்கொரு தரம் உள்ளே இருந்து காற்று வாங்கிப் போனது. அடுப்படி வேலையை விட்டுக் குசினி வாசலில் நின்று வனிதா என்னைப் பார்த்த பார்வையில், சூரியனையே நான்தான் செய்துவைத்தேன் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த நாட் காலை மச்சான் ஓட்ட, ஓவசியர் மாமாவும் நானும் வாகரைக்குப் புறப்பட்டோம். வேன் வடக்கே திரும்பியதும் தட்டு மேற்கே திரும்பிவிட்டது. காலைச் சூரியனுக்கு முதுகைக் காட்டியபடி போகிறோம் என்று எங்களுக்குத் தெரியாது. முதல் நாள் ஏறிய சார்ஜில் ஃபேன் சுழன்றதால், ஆளில்லாத படுக்கைக்கு வழி முழுவதும் காற்றுப் போட்டேன். வாகரைக்குப் போனதும் மாமி ஏறும்போது வேன் சூடாக இருக்கக்கூடாது என்று புளியமர நிழலில் நிற்பாட்டச் சொன்னேன். மத்தியான வெயிலும் அதோடு போயிற்று.

பின்னேரம் மாமியை ஏற்றிக்கொண்டு தெற்கே திரும்பினோம். இப்போது தட்டு கிழக்கே, சூரியன் மேற்கே. சுருக்கமாகச் சொன்னால், அன்று முழுவதும் அந்தத் தட்டு சூரியன் முகத்தில் விழிக்கவேயில்லை.

கொஞ்சத் தூரத்தில் ஃபேன் முக்கியது. பிறகு நின்றது. வெளியே செம்புழுதி, கண்ணாடியை இறக்க முடியாது. மாமியின் முகம் சிவந்து வேர்வை ஒழுகியது.

“இதுவா மனே நீ சொன்ன காத்து?”

என் கல்யாணம் என் கண்முன்னே ஆவியாகிக்கொண்டிருந்தது. வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிக் கூரையைப் பார்த்தேன், சூரியனைப் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. ஆணிகளைக் கழற்றித் தட்டைத் திருப்பலாமென்றால் அவை கள்ளனுக்கு மட்டுமல்ல, எனக்கும் கழலாதவை. வேனைத் திருப்பி நிறுத்திக் கொஞ்ச நேரம் சார்ஜ் ஏற்றலாமென்றால் நேரமில்லை. பொழுதுபடமுதல் சாவடியைத் தாண்டாவிட்டால் பாதைக்குக் குறுக்கே மரத்தை இறக்கிவிடுவார்கள்.

ஓவசியர் மாமா நெற்றியைத் தடவினார். “அப்ப வேனக் கிறுக்கு” என்றார். (கிறுக்குவது என்றால் எங்கள் ஊரில் திருப்புவது.) “மூக்கு வடக்க இருந்தாத் தட்டு மேற்க பாக்கும். நாம தெற்க போகோணும். அப்ப றிவேஸில போவம்.”

“மாமா, எனக்குப் பின்னால தெரியாதே” என்று மச்சான் கெஞ்சினார்.

“நான் ஏணியில நிண்டு சொல்லுறன் மச்சான்!” என்றேன். காதலிப்பவன் எதற்கும் துணிவான், யோசிக்கத்தான் மாட்டான்.

அப்படியே போனோம். வேன் பின்பக்கமாக ஊர்ந்தது. நான் ஏணியில் தொங்கி, கச்சான் காற்றும் புழுதியும் முகத்தில் அறைய, “வரலாம்! வரலாம்! வலப்பக்கம் கொஞ்சம்!” என்று கத்திக்கொண்டு போனேன். உள்ளேயிருந்து ஓவசியர் மாமாவின் குரல் கேட்டது: “சுத்துது! ஃபேன் சுத்துது!” எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. (அதில் பாதி புழுதி.)

அந்த ஆனந்தத்தோடு ஒரு வளைவைத் தாண்டினேன். எதிரே சோதனைச் சாவடி.

அந்தக் காலத்தில் சாவடிக்கு முன்பக்கமாக மெல்லப் போனாலே சந்தேகப்படுவார்கள். நாங்கள் பின்பக்கமாக, கூரையில் என்னவென்று தெரியாத ஒரு பலகையோடு, ஏணியில் ஒருவன் தொங்கிக் கத்த வருகிறோம். காலையில் எங்களைச் சோதித்து விட்டவர்கள் மாறிப்போயிருந்தார்கள். விசில் காதைக் கிழித்தது. மண்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்த துவக்குகளெல்லாம் என் பக்கம் திரும்பின.

இரண்டு கையையும் உயர்த்தினேன். ஏணியில் நிற்பவன் இரண்டு கையையும் உயர்த்தினால் என்ன நடக்கும்? மண்ணில் விழுந்தேன். என் சத்தம் நின்றதைத் தடையில்லை என்று எடுத்துக்கொண்டு மச்சான் வந்துகொண்டே இருந்தார். நான் எழும்பி, கைகளை உயர்த்தியபடியே எங்கள் சொந்த வேனுக்கு முன்னால் ஓடினேன். மண் நிரப்பிய பீப்பா ஒன்றில் வேன் முட்டி நின்றது. இன்று சிரிக்கிறேன். அப்போது செத்தேன் என்றே நினைத்தேன். என் உயிரை மட்டுமல்ல, உள்ளே இருந்த மூன்று பேரின் உயிரையும் ஒரு ஃபேனுக்காகக் கொண்டுவந்து துவக்கு முனையில் வைத்துவிட்டேனே.

எல்லோரையும் இறக்கினார்கள். இளம் அதிகாரி ஒருவர் வந்து, ஏன் பின்பக்கமாக வந்தோம் என்று கேட்டார். நான் கிழக்கு, மேற்கு, சாய்வு என்று முழுவதையும் விளக்கினேன். சிங்களம் தெரிந்த மச்சான் அதை இரண்டே சொல்லில் மொழிபெயர்த்தார். அதிகாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்த இரண்டு சொல் எவை என்று மச்சான் இன்றுவரை சொல்லவில்லை.

தட்டின் அடியைப் பார்க்கவேண்டும், கழற்று என்றார் அதிகாரி.

“கழட்ட ஏலா சேர். அவ்வளவு நல்லாப் பூட்டியிருக்கம்” என்றார் ஓவசியர் மாமா. அந்த நேரத்திலும் அவருக்குப் பெருமை.

அதிகாரி தானே ஏணியில் ஏறினார். நாலு மூலையிலும் இருந்த குங்குமப் பொட்டுகளைக் கண்டு ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார். இறங்கி வரும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். ஒரு சிப்பாய் மாமிக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தான்.

மாமி தண்ணீரைக் குடித்து முடித்தார். தலையில் புழுதி, முழங்கையில் இரத்தம், கை இன்னும் பாதி உயர்ந்தபடி நின்ற என்னைப் பார்த்தார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார்.

“இவன் மடையன். அதில ஐமிச்சமில்ல. ஆனா எனக்குக் காத்து வரட்டும் எண்டு அந்த வெயிலுக்க ஏணியில தொங்கினான். என்ட மனிசன் இருந்த காலத்தில ஒரு நாளாவது எனக்கு விசிறி எடுத்து வீசினவரா? குடு புள்ளய.” மூச்சு வாங்கிக்கொண்டார். “ஆனா ஒண்டு. இவன்ட கையில குறடு சுத்தியல் ஒண்டும் குடுத்துராதங்க.”

இப்படியாக எனக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளையாக மணவறையில் என்னைக் கிழக்குப் பார்க்க இருத்தியபோது, “பின்னேரம் கிறுக்கி வையுங்க, சார்ஜ் ஏறட்டும்” என்று மாமி சத்தமாகச் சொல்ல, ஐயர் மந்திரத்தை விட்டுச் சிரித்தார். எங்கள் வழக்கப்படி பெண் வீட்டுக்கே குடிபோனதால், அந்தக் கதையிலிருந்து தப்பி ஓட எனக்கென்று ஒரு வீடும் இல்லை.

பிறகு சமாதானம் முறிந்தது. வாகரைச் சனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தது. மாமியும் ஒரு பையோடு எங்களிடம் வந்து சேர்ந்தார். கதிரையில் இருத்தினோம்; இருந்தார். சோறு வைத்தோம், பிசைந்துவிட்டு அப்படியே வைத்தார். கொண்டுவந்த பையைக்கூட அவிழ்க்கவில்லை. வனிதா அழுதாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாடகைக்கு ஆள் வராமல் எங்கள் வளவில் நின்ற வேனை வாசலுக்குக் கொண்டுவந்து, ஃபேனைக் கழற்றி வயரை நீட்டி (வனிதா பார்க்காத நேரம்தான்) மாமியின் பக்கத்தில் வைத்தேன். அது சுழலவில்லை.

மாமி ஃபேனைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே வேனின் கூரையைப் பார்த்தார்.

“தட்டு எங்க பாக்குது?”

“கிழக்க, மாமி.”

“பின்னேரமாச்சே மடையா. கிறுக்கு.”

ஓடிப்போய் வேனைத் திருப்பினேன். ஃபேன் சுழலத் தொடங்கியது. மாமி சிரித்தார், பிறகு அழுதார், பிறகு சோறு கேட்டார்.

மாமி காலமாகிச் சில வருஷங்களாயிற்று. வீட்டில் யாராவது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தால், என் பிள்ளைகள் கதிரையோடு தூக்கி வெயில் பக்கம் கிறுக்கி வைக்கிறார்கள். தடையுத்தரவை நீக்கக்கூடிய ஒரே ஆள் போய்விட்டதால், குறடு இன்னும் மேல்தட்டில்தான் இருக்கிறது.