அரை அம்பியர்

இந்த மலைநாட்டில் தன் கையைக்கூட நம்பாத மனிதர் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அக்கரப்பத்தனைப் பக்கம் நான் தொழிற்சாலைக் கிளாக்கராக இருந்த தோட்டத்தில் மின்சார வேலை பார்த்தவர். வெள்ளைக்காரத் துரைமார் பங்களாக்களை விட்டுப் போகாத காலம் அது. பெற்றோர் வைத்த பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் மீட்டர் அண்ணன்.

தோளில் எப்போதும் ஒரு மரப்பெட்டி தொங்கும். உள்ளே வோல்ட்டுக்கு ஒரு மீட்டர், அம்பியருக்கு ஒரு மீட்டர். மோட்டார் சுடுகிறதா என்று யாராவது தொட்டுப் பார்த்தால் முகம் சுண்டிவிடும். "கை சொல்றதெல்லாம் கணக்கில்லங்க. வோல்ட்ட அம்பியரால வகுத்தா எதிர்ப்பு. ரெண்டையும் பெருக்குனா வாட். இதுக்கு மேல ஒலகத்துல ஒன்னுமில்ல" என்பார். கோயிலில் கற்பூரத் தட்டு வந்தால்கூடச் சுடரில் கை காட்டாமல் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

மனிதர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒருநாள், ஆட்களை வேலைக்குப் பிரித்தனுப்பும் காலைப் பெரட்டில் கங்காணி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். ஆட்கள் ஆடி அசைந்துதான் மலைக்குக் கிளம்பினார்கள். மீட்டர் அண்ணன் சற்று நின்று பார்த்தார்.

"கங்காணி சத்தம் முன்னூறு வோல்ட்டுங்க. நடக்கிற வேல ஒரு அம்பியர். அப்ப எதிர்ப்பு முன்னூறு ஓம். சத்தத்தக் கூட்டி என்ன செய்ய? எதிர்ப்பு எதுனால வந்துச்சுன்னு பாருங்க."

கங்காணி அதன்பிறகு வெகுநாள் அவரோடு பேசவில்லை. நானும் சும்மா இருப்பேனா? சாப்பாட்டு நேரத்தில் "அண்ணே, பசி எத்தன வோல்ட்டு?" என்று சீண்டுவேன். "அளக்காம சொல்ல ஏலாதுங்க" என்பார், சிரிக்காமலே.

அந்தத் தை மாதம் உறைபனி விழுந்து கொழுந்தெல்லாம் கருகியது. அதே பனியில் என் மனைவி மங்களத்துக்கு, நாள் நிறையும் முன்பே பெண் குழந்தை பிறந்தது. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தோட்டத்து டாக்டரையா யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். "இந்தக் குளிருக்குள்ள பெரியாஸ்பத்திரிக்கு லொறியில கொண்டுபோனா வழியிலயே பிள்ளை போயிடும். சூடு குறையாமல் வைச்சிருங்கோ. அதுதான் மருந்து" என்றார். விறகடுப்பின் பக்கத்தில் வைத்தால் புகையில் பிள்ளைக்கு மூச்சு முட்டியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மீட்டர் அண்ணனிடம் ஓடினேன்.

தேயிலைப் பெட்டி ஒன்றோடு வந்தார். அதன் ஒரு பக்கத்தில் துளை போட்ட தகரத்தைத் தடுப்பாக நிறுத்தி, அதற்குப் பின்னால் பெரிய பல்பு ஒன்றை மாட்டினார். மறுபக்கம் பஞ்சு பரப்பிப் பிள்ளையைக் கிடத்தினோம். டாக்டரையாவின் தெர்மாமீட்டர் உள்ளே தொங்கியது. "இருநூத்தி இருவது வோல்ட்டு. பல்பு இழுக்கிறது அரை அம்பியர். நூத்திப் பத்து வாட்டுங்க. புள்ளைக்கு இது போதும்" என்றார். போதுமாகத்தான் இருந்தது. பிள்ளையின் உதட்டில் நீலம் மறைந்தது.

மறுநாள் பிற்பகல் பல்பு சிவந்து மங்கியது. தெர்மாமீட்டர் இறங்கத் தொடங்கியது. மீட்டரை வைத்துப் பார்த்தால் வோல்ட் பாதியாகியிருந்தது. எங்கள் மின்சாரம் தோட்டத்து ஓடை சுழற்றும் டர்பைனிலிருந்து வருவது. பனிக்காலத்தில் ஓடையே நூலாகத்தான் ஓடும்.

"பாதிச் சூடாவது இருக்குல்லண்ணே?" என்றேன்.

"இல்லங்க. வோல்ட்டு பாதியானா அம்பியரும் பாதியாப் போகும். ரெண்டையும் பெருக்குங்க. கிட்டத்தட்டக் கால்வாசிதான்." மேட்டிலிருந்த பங்களாவை நிமிர்ந்து பார்த்தார். "தொர குளிக்கிறாரு."

பங்களாவில் வெந்நீருக்கு மின்சார ஹீட்டர் இருந்தது. இருவரும் மேலே ஓடினோம். குளியலறைக் கதவைத் தட்டச் சொன்னால் சமையல்கார அப்பு மாட்டேன் என்றான். மீட்டர் அண்ணன் பின்வராந்தாவுக்குப் போய் ஹீட்டரின் பியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். துரை இடுப்புத் துண்டும் காதில் சோப்பு நுரையுமாக வெளியே வந்தார்.

"யாரு சுடுதண்ணி நிப்பாட்டினது?"

"நாந்தாங்க தொர. ஒங்க வெந்நிக்குப் பத்து அம்பியருங்க. கீழ கிளாக்கரய்யா புள்ளைக்கு அரை அம்பியர்தாங்க. ரெண்டுக்கும் ஓடையில தண்ணி இல்லைங்க. புள்ள பொழைக்கணுங்க."

"நான் எப்படி குளிக்கிறது மேன்?"

"அடுப்புல வெறகு இருக்குங்க தொர."

இதைவிடச் சின்ன வார்த்தைக்கெல்லாம் வேலைநீக்கப் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்பியிருக்கிறார்கள். துரை அந்தப் பியூஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்புவிடம் விறகு போடச் சொன்னார். மீட்டர் அண்ணனிடம், "புள்ள நல்லா வர்ற மட்டும் நீ இரு. அப்புறம் போ" என்றார்.

கீழே வந்தபோது பல்பு பழையபடி எரிந்தது.

அதன்பிறகு தினமும் அவர் வந்து அளப்பார். "இன்னிக்கு நல்லாப் பால் குடிச்சிச்சாமே" என்று அந்த மனிதர் சந்தோஷப்படுவார். பிள்ளை தேறத் தேற அவர் வேலை போகும் நாள் நெருங்கியது. அது அவருக்குத் தெரியாத கணக்கா? ஒருநாள் டாக்டரையா, "இனிப் பெட்டி தேவையில்லை" என்றார். மங்களம் சிரித்தாள், உடனே அழுதாள்.

உடப்புசல்லாவைப் பக்கம் ஏதோ தோட்டத்தில் வேலை தேடிக்கொண்டு, தகரப்பெட்டியோடு விடைபெற வந்தார். மீட்டர் பெட்டி தோளில்தான் இருந்தது. அதை இறக்கித் தரையில் வைத்தார். திறக்கவில்லை. குனிந்து, மங்களத்தின் மடியில் கிடந்த பிள்ளையின் உள்ளங்காலில் தன் கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"சூடு சரியா இருக்குங்க" என்றார்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் வரும்வரை விடவில்லை.