சுனாமியின் மேல் நிவாரணம் ஏறிய வரலாறு

ஒன்றின் மேல் ஒன்று ஏன் ஏறுகிறது என்ற கேள்வி உலகம் தோன்றிய நாள் தொட்டு இருந்து வருகிறது. ஆனால் அதற்கு முறைப்படி திட்டம் வரைந்து, பதாகை கட்டி, வடையும் தேநீரும் வைத்து, மனித குலம் முழுவதற்குமாக விடை தேடிய பெருமை மட்டக்களப்பின் வடகரைக்கே உரியது. அந்த மகத்தான முயற்சியின் தந்தை கோகுலராஜ்.

சுனாமிக்கு முன்பு அவன் அமிர்தகழியில் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தான். கடல் வந்து போன பிறகு அவனுக்கு 'உளசமூக உத்தியோகத்தர்' என்ற பதவி வந்தது. அந்தப் பெயரை அவன் தாயாரால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. ஆனாலும் மாமாங்கத் திருவிழாவில் கண்ட எல்லோரிடமும் இரண்டு மூச்சில் சொல்லி முடித்தார். 'கரையெழுச்சி' என்ற நிறுவனம் அவனுக்கு ஒரு மோட்டார் சைக்கிளும், ஒரு தொப்பியும், ஒரு வாரத்துக்கும் குறைந்த பயிற்சியும் கொடுத்து, மக்களின் மனக்காயங்களை ஆற்றிவிட்டு வரும்படி வாகரைப் பக்கம் அனுப்பி வைத்தது.

அவன் முதலில் ஆற்றப் போனது ஏரம்பமூர்த்தியின் காயத்தை. ஏரம்பமூர்த்தி மீன்பிடிகாரர். ஒரே காலையில் அவருடைய மனைவியையும் தோணியையும் கடல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய மகள் தக்சிகாவோடு, கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டிலில் இருந்தார். கோகுலராஜ் பயிற்சியில் சொன்னபடி அவருக்கு நேரெதிரே அமர்ந்து, சற்றே முன்னால் சாய்ந்து, மனம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தான்.

ஏரம்பமூர்த்தி அவனை மகன் முறையில் அழைத்துப் பதில் சொன்னார். "மனம் கிடக்கட்டும் மனே. தோணி ஒண்டு கிடைச்சா நான் தொழிலுக்கு இறங்கிருவன். மறுகா மனம் தன்ர பாட்டுல வரும்."

பயிற்சியின்படி இதற்குப் பெயர் 'மறுப்பு நிலை'. கோகுலராஜ் அப்படியே குறித்துக்கொண்டான். இருந்தாலும் அவன் நல்ல பிள்ளை; நிறுவனத்தின் தோணித் திட்டத்தில் அவருடைய பெயரையும் சேர்த்துவிட்டான். தோணி வரும் என்று ஏரம்பமூர்த்தி நம்பினார். ஒவ்வொரு கிழமையும் அவன் வரும்போது, வாசலில் நின்று மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தைப் பார்ப்பார், தோணியை அதில் கட்டிக்கொண்டு வந்திருப்பான் என்பதுபோல.

அந்தக் கொட்டிலில்தான் இரண்டு நாய்க்குட்டிகள் இருந்தன. அலை வடிந்த பிறகு கண்டல் பற்றைக்குள் அனுங்கிக் கிடந்த ஒன்றைத் தக்சிகா எடுத்து வந்து சுனாமி என்று பெயர் வைத்தாள். முதல் நிவாரண லொறி வந்த அன்று, அதன் பின்னால் ஓடி வந்த மற்றொன்றுக்கு நிவாரணம் என்று பெயர். இரண்டும் ஒரே பாயில் தூங்கின, ஒரே சட்டியில் தின்றன. ஒரு நாள் கோகுலராஜ் கண்முன்னே, சுனாமியின் மேல் நிவாரணம் ஏறியது.

தக்சிகா வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள். அயல் கொட்டில்காரர்கள், எங்கும் நடப்பதுதானே இங்கும் நடக்கிறது என்று சிரித்தார்கள். ஏரம்பமூர்த்தி ஒரு மீன் தலையை எறிந்தார். இரண்டும் விலகி ஓடித் தின்றன. தின்று முடித்ததும், இந்த முறை நிவாரணத்தின் மேல் சுனாமி ஏறியது.

"விளையாட்டு மனே," என்றார் அவர்.

விளையாட்டென்று அறிக்கை எழுத முடியுமா? அந்த வாரம் கோகுலராஜிடம் எழுதுவதற்கு வேறு துயரமும் இருக்கவில்லை. எல்லோருடைய துயரத்தையும் முந்திய வாரமே எழுதி முடித்திருந்தான். ஆகவே நாய்களை எழுதினான். மறுநாளே பணிப்பாளர் நல்லரத்தினம் அவனைக் குளிரூட்டிய அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"ரெண்டும் கடுவன் நாயா? பொட்டை ஒண்டும் இல்லயா?"

"ஓம் சேர்."

"ஒரே வீட்டிலயா?"

"வீடு இல்ல சேர், கொட்டில்."

பணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். பெரிய சிந்தனைகள் வரும்போது அவர் அப்படித்தான் செய்வார். சிறிய தூக்கம் வரும்போதும் அப்படித்தான். "மேலாதிக்கம்," என்றார் கடைசியில். "இந்த நாட்டின்ர பிரச்சினையே அதுதான்."

மேலாதிக்கம் பற்றி மேலதிகாரி ஒருவர் சொல்லும்போது மறுக்கக் கீழே இருப்பவருக்கு இடம் ஏது? 'ஒரே மனையில் வாழும் இளம் நாய்களின் ஏறுதல் நடத்தையைப் புரிந்துகொள்ளலும் இணக்கப்பாடு காணலும்' என்ற திட்டம் பிறந்தது. நாய்களை நேசிக்கும் ஒரு தூர தேசம் உடனே ஒப்புதல் தந்தது. தோணித் திட்டம் பக்கத்து மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் எழுப்பவில்லை.

கூட்டங்கள் நடந்தன. முதல் கூட்டம் 'ஏறுதல்' நாகரிகமான சொல்தானா என்று ஆராய்ந்து, அதை 'மேற்செல்கை' என்று மாற்றியது. இரண்டாவது கூட்டம் அது யாருக்கும் விளங்கவில்லை என்று மறுபடி 'ஏறுதல்' ஆக்கியது. கருத்தரங்கை ஏறாவூரில் வைத்தால் பெயர்ப் பொருத்தம் அமோகமாக இருக்கும் என்றார் பணிப்பாளர். பதாகை அச்சிட்டுக் கொண்டுவந்திருந்த ஏறாவூர்ப் பாறூக், அச்சுக்கூலியில் வேண்டுமானால் குறைக்கிறேன், ஊரை மட்டும் இதற்குள் இழுக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொண்டார்.

பிறகு நிபுணர் வந்தார். நாய்களை நேசிக்கும் தேசத்தின் மிருக வைத்தியர், நடுவயதுப் பெண்மணி. போட்டிருந்த கதிரையை விட்டு மணலில் குந்தினார். கையை நீட்டி நாய்கள் மோந்து பார்க்க விட்டார். காலை முழுவதும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

அவர் ஆங்கிலத்தில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கோகுலராஜுக்கு விளங்கியது. இளம் நாய்கள் இப்படித்தான் இருக்கும். ஆள் வந்த சந்தோஷத்திலும் ஏறும், பயத்திலும் பதற்றத்திலும் ஏறும். எல்லா ஏறுதலும் காமம் அல்ல, எல்லா ஏறுதலும் அதிகாரமும் அல்ல. அடியில் இருப்பது பிடிக்காமல் உறுமினால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிரித்து, கொஞ்ச நேரம் கரையில் ஓட விட வேண்டும். அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டுத் தகரக் கொட்டிலைத் திரும்பிப் பார்த்து, இந்தக் குடும்பத்துக்கு வேறு ஏதும் செய்ய வழி இல்லையா என்றும் கேட்டார்.

ஊர் முழுவதும் மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தது. பணிப்பாளர் கோகுலராஜின் காதருகே குனிந்தார். "விளங்கினத அப்பிடியே சொல்லிராதீங்க தம்பி. திட்டம் இண்டைக்கே முடிஞ்சிரும்."

கோகுலராஜ் ஊரைப் பார்த்துத் திரும்பினான். பிரச்சினை மிகவும் ஆழமானது, நீண்டகாலத் தலையீடு தேவை என்று அம்மையார் சொல்கிறார் என்றான்.

ஏரம்பமூர்த்தி அந்தப் பெண்மணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சிரிச்சிக்கிட்டுச் சொல்லுறாவே மனே."

"அது அவங்கட நாட்டு வழக்கம் ஐயா."

அன்று திரும்பும் வழியில் காற்றுக்கு அவனுடைய தொப்பி பறந்துபோய் வாவிக்குள் விழுந்தது. அவன் நிறுத்தவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ முள் மாதிரிக் குத்தியது. ஆனால் மாத முடிவில் பதவிக்கு முன்னால் 'சிரேஷ்ட' என்ற சொல் சேர்ந்து பதவி உயர்ந்ததும் முள் தானாகக் கரைந்துவிட்டது. உளசமூகத் துறையில் இத்தகைய அற்புதங்கள் நடப்பதுண்டு.

அடுத்ததாக நீதி நிலைநாட்டப்பட்டது. ஒரு குடும்பம் ஒரு திட்டத்தில் மட்டுமே பயனடையலாம் என்பது நிறுவனத்தின் பொன்விதி. நாய்த் திட்டத்தில் ஏரம்பமூர்த்தி 'பிரதான பயனாளி' ஆகிவிட்டதால், தோணித் திட்டத்திலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள். அதைச் சொல்லக் கோகுலராஜே போனான். எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் அல்லவா என்று நெடுநேரம் விளக்கினான். ஏரம்பமூர்த்தி கிழிந்த வலை ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு, தோணி இல்லாதவருக்கு அது எதற்கு என்று யாரும் கேட்காதபடி, தைத்துப் பொத்தத் தொடங்கினார்.

தோணிக்குப் பதிலாக நாய்களுக்கு ஒரு கூடு வந்தது. அந்தக் காலத்தில் மனிதர் வீடு கட்டுவதற்கென்றால் ஒரு மூடை சீமெந்தும் இராணுவச் சோதனைச் சாவடியைத் தாண்டாது. இயக்கத்துக்குப் பங்கர் கட்டப் போய்விடும் என்ற சந்தேகம். நாய்க்கு என்று கடிதம் நீட்டியதும் சாவடியில் நின்றவர்கள் சிரித்துவிட்டு லொறியை விட்டார்கள். கம்பி போட்டு, கொங்கிறீட் கூரை வைத்து, படத்துக்கு நன்றாக விழ வேண்டும் என்று தேவைக்கு மேல் பெரிதாகக் கட்டினார்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறாதபடி இரண்டு வாசல்கள். முகப்பில் 'இணக்க இல்லம்' என்று பெயர்ப்பலகை. தகரக் கொட்டிலின் நிழல் விழும் தூரத்தில், அந்தக் கரையிலேயே உறுதியான கட்டடமாக அது நின்றது. பணிப்பாளர் நாடாவை வெட்டினார். நாய்கள் உள்ளே போக மறுத்து, கை தட்டிய கூட்டத்தைக் கண்ட குதூகலத்தில் வாசலிலேயே ஒன்றின் மேல் ஒன்று ஏறின. படப்பிடிப்பாளர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை மறுபடி தொடங்கியது. பாதை பூட்டப்பட்டது. வடகரையில் செல் குண்டுகள் விழத் தொடங்கியதும் 'கரையெழுச்சி' மக்களின் மன உறுதியைப் பாராட்டி ஓர் அறிக்கை வெளியிட்டு, தன் வாகனங்களை நகரத்துக்குள் பத்திரமாக நிறுத்திக்கொண்டது. கோகுலராஜ் அலுவலகத்திலிருந்து வடக்கே அதிரும் சத்தத்தைக் கேட்பான். அந்தக் கொட்டிலின் தகரம் எவ்வளவு மெல்லியது என்பது அவனுக்குத் தெரியும். மழை நாளில் அதன் கீழ் இருந்து கதைக்கவே முடிந்ததில்லை. சாப்பாடு இறங்காத நாட்கள் இருந்தன. அதற்குள் அவன் 'திட்ட முகாமையாளர்' ஆகியிருந்தான்.

சனம் காட்டு வழியாலும் கடல் வழியாலும் நகரப் பக்கம் வந்து சேர்ந்தது. அவர்களை அடைத்து வைத்த கூடார வெளிக்கு 'நலன்புரி நிலையம்' என்று பெயர். பணிப்பாளரோடும் ஒரு கமராக்காரரோடும் கோகுலராஜ் அங்கே போனபோது, தறப்பாள் கூடாரத்தின் கீழ் ஏரம்பமூர்த்தி கால் நீட்டிக் கிடந்தார். வலது பாதத்தில் சீலை சுற்றியிருந்தது. தக்சிகாதான் நடந்ததைச் சொன்னாள். செல் வந்தபோது தகப்பனும் மகளும் நாய்க்கூட்டுக்குள் தவழ்ந்து போயிருக்கிறார்கள். பின்னாலேயே நாய்களும். நால்வரும் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தார்கள். யார் மேல் யார் என்று பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. தகரக் கொட்டில் சல்லடையாகிவிட்டது. தோணி கிடைத்தவர்கள் விடியலிலேயே தண்ணீரால் தப்பிப் போனார்கள். இவர்கள் காட்டு வழியே நடந்தார்கள். வழியில் விழுந்த செல்லின் துண்டு அவர் குதிக்காலைக் கொண்டுபோனது.

பணிப்பாளரின் முகம் மலர்ந்தது. "மனிதரும் நாயும் ஒரே கூரையின் கீழ் இணக்கமாக! எதிர்பார்ப்பையும் மீறிய வெற்றி. இத முதல்ல எழுதுங்க தம்பி," என்றார். கமராக்காரர் தறப்பாளை ஒரு பக்கம் ஒதுக்கி வெளிச்சம் பார்த்தார்.

கோகுலராஜால் அந்தப் பாதத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று அம்மையார் சொன்னதில் மொழிபெயர்க்காமல் விட்டது நாக்கின் நுனியில் வந்து நின்றது. ஆனால் வாயைத் திறந்தபோது உத்தியோகக் கேள்விதான் வந்தது.

"நாய் ரெண்டும் எப்பிடி ஐயா?"

ஏரம்பமூர்த்தி அவனையும், அவனுக்குப் பின்னால் நின்ற வெள்ளை வாகனத்தையும், பணிப்பாளரையும், கமராவையும் நிதானமாகப் பார்த்தார்.

"நல்லா இரிக்கிதுகள் மனே. வளந்திட்டுதுகள். ஏறுறதையும் விட்டிட்டுதுகள்," என்றார். "நீங்கதான் இன்னும் இறங்கல்ல."