சைனா செட்டும் மஞ்சள் பாட்டும்

சீனாவில் கோடிக்கணக்கான பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட எங்கள் சைனா செட்டு அளவுக்குச் சீனப் பாட்டைச் சத்தமாகக் கேட்டிருக்க மாட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

சதுரங்கப்பட்டினத்தில் பள்ளிக்கூட டீச்சரான நான் குடியிருக்கும் தெருமுனையில் அவருடைய மைக்செட் கடை. கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் அவருடையதுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது; எல்லோருக்கும் அவர் சைனா செட்டுதான். சாயங்காலமானால் சிற்றலை ரேடியோவில் பீக்கிங் நிலையத்தைப் பிடித்து, அதை ஆம்பிளிஃபயரில் கொடுத்து, தெருவுக்கே கேட்க வைப்பார். சீனத்தில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அர்த்தம் சொல்லாமல் ஒரு பாட்டையும் விட்டதில்லை.

"கேளுங்க டீச்சரம்மா, இது டிராக்டர் பாட்டு. டிராக்டர் ரிப்பேராயிட்ச்சி, அல்லாரும் தள்றாங்க. அந்த 'ஹே ஹே'ன்றாங்களே, அது தள்றது."

"இப்போ வேகமா வருதே?"

"ஸ்டார்ட் ஆயிட்ச்சி."

ஓர் ஆடி மாதம் குப்பத்து அம்மன் புறப்படும் நேரத்தில் டேப் மாறிப்போய்விட்டது. முரசும் எக்காளமுமாக, அவர் ரேடியோவிலிருந்து பதிந்து வைத்திருந்த ஒரு சீனப் படைப் பாட்டு தென்னை உச்சியிலிருந்து முழங்கியது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்த ஒருவர் மணலில் குப்புறப் படுத்துக்கொண்டார். பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஏட்டு ஓடிவந்தார்.

"யோவ், எதிரி நாட்டுப் பாட்ட இங்க எதுக்குய்யா போட்ற?"

"எதிரி இன்னா பாடறான்னு நாம தெரிஞ்சிக்க வேணாமா சார்?"

ஏட்டு யோசித்தார். "சரி, இன்னா பாடறான்?"

"டிராக்டர் ரிப்பேராம் சார்."

"அவ்ளோதானா?" ஏட்டு நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

அந்தப் பாட்டுகளில் 'வோமென், வோமென்' என்று ஒரு சொல் அடிக்கடி வரும். அதை அவர் இங்கிலீஷ் என்று தீர்மானித்துவிட்டார். "பொம்பளைங்கள பத்தியே பாடறாங்க டீச்சரம்மா. லேடிஸுக்கு அங்க அவ்ளோ மரியாத." தெருப் பெண்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அரிசி தீர்ந்துபோன வீட்டில்கூடச் சீனாவை இழுத்துத்தான் புருஷனுக்குத் திட்டு விழுந்தது.

பிறகு பீக்கிங்கில் ஆட்சியில் இருந்த ஆட்கள் மாறினார்கள், பாட்டும் மாறியது. ஜவுளிக்கடை பாயின் தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார். இப்போது சீனாவிலேயே இளசுகள் இந்த மாதிரிக் கேசட்டைத்தான் ஒளித்து வைத்துக் கேட்கிறார்களாம். போட்டால், முரசு இல்லை, எக்காளம் இல்லை. ஒரு பெண் காதுக்குள் ரகசியம் சொல்வதுபோல் மெல்லப் பாடினாள். 'வோமென்' மருந்துக்கும் இல்லை. அதற்குப் பதிலாக அடிக்கு அடி 'நீ'.

சைனா செட்டு ஆடிப்போனார். "டீச்சரம்மா, தமிழ்ல பாடறாம்மா!"

சந்தேகம் தாங்காமல் பஸ் ஏறி மெட்ராஸில் ஒரு சீனப் பல் டாக்டரைத் தேடிப் போனார். பல்வலி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று நினைத்து, நல்ல கடைவாய்ப் பல்லைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் பிறந்து வளர்ந்ததெல்லாம் மெட்ராஸ். அங்கே நடந்த பேச்சைச் சைனா செட்டு திரும்பிவந்து கன்னத்தில் பஞ்சோடு எனக்கு நடித்தே காட்டினார்.

"'நீ'ன்னா இன்னா டாக்டர்?"

"நீன்னா நீதாம்பா."

"நான் யாருன்னு கேக்கல டாக்டர். நீன்னா இன்னா?"

"அதான் சொல்றனே, நீன்னா நீ. வாயத் தொற."

"அப்ப வோமென்?"

"நாம."

"பொம்பள இல்லியா?"

"பொம்பளயா? இது கிளினிக்கு, வாயத் தொறய்யா!"

ஒரு பல்லைக் கொடுத்து இரண்டு சொல் வாங்கிக்கொண்டு வந்தார். அதை வைத்து ஒரு தேசத்தையே அளந்துவிட்டார். "இத்தினி வருசமா 'நாம நாம'ன்னு கத்திகினு இருந்தாங்க. இப்ப ஒர்த்தி தனியா வந்து 'நீ'ன்றா. அந்த ஊரே மாறப் போவுது பாருங்க டீச்சரம்மா."

விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

என் ஒரே மகள் செங்கற்பட்டில் டெலிபோன் ஆபரேட்டர்; தினமும் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருவாள். அவள் அப்பா போன பிறகு, புடவை எடுப்பதிலிருந்து வீடு மாற்றுவதுவரை நாங்கள் இருவரும் பேசித்தான் முடிவு செய்வோம். அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டே, குழம்பு ஊற்றச் சொல்கிற குரலில் சொன்னாள்: "அம்மா, கூட வேலை செய்றவரையே கல்யாணம் பண்ணிக்கப் போறேன். வேற சாதி."

"நாம இன்னும் பேசவே இல்லையேடி."

"இதுல 'நாம' இல்லம்மா. நான்தான் முடிவு பண்ணணும்."

தை மாதம் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். நான் வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் நடக்கும் என்றாள்.

சேதி தெருவுக்குத் தெரிந்ததும் சைனா செட்டு வந்து நின்றார். "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மைக்செட்டு கெடயாதாமே? மைக்செட்டு இல்லாம அது இன்னாம்மா கல்யாணம்!"

என் ஆத்திரமெல்லாம் அவர்மேல் திரும்பியது. "எல்லாம் உங்களால வந்தது! தினம் 'நீ நீ'ன்னு அவ காதுல ஓதினது யாரு? பேப்பர்ல போட்டிருக்கான். அந்த ஊர்ப் பசங்க இந்தப் பாட்டக் கேட்டுட்டு, பெல்பாட்டம் போட்டுக்கிட்டு, பார்க்ல ஜோடியா சுத்தறாங்களாம். பெரியவங்க தலைல அடிச்சுக்கிறாங்க. இதுக்கு அங்க மஞ்சள் பாட்டுன்னு பேரு!"

அவர் முகம் மலர்ந்தது. "மஞ்சளா? அப்ப கல்யாணப் பாட்டுன்னு அவங்களே ஒத்துகினாங்க!"

"அங்க மஞ்சள்னா ஆபாசம்!"

"மஞ்சளா? ஆபாசமா?" வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார். "அது இன்னாம்மா நாடு!" இத்தனை வருஷத்தில் சீனாவைப் பற்றி அவர் குறை சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "எல்லாத்துக்கும் அர்த்தம் சொல்றீங்களே. அந்தப் பொண்ணு 'நீ'ன்னு பாடிட்டுப் போயிடறா. வீட்ல இருக்கிற அவ அம்மாவுக்கு ஒரு பாட்டு இருக்கா உங்க சீனாவில?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் மனிதர் செருப்பைத் தேடினார். "அத மட்டும் இன்னும் கேக்கல டீச்சரம்மா," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தை பிறந்தது. நான் போனேன். பெருந்தன்மையெல்லாம் இல்லை. அவள் கழுத்தில் மாலை கோணலாகக் கிடக்கும், சரிசெய்ய ஆள் இருக்காது என்ற கவலை. மாலை கோணலாகத்தான் கிடந்தது. சரிசெய்தேன். மகள் என் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே நாதஸ்வரம் முழங்கியது. எட்டிப் பார்த்தால், எதிரே புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர். யாரும் கூப்பிடவில்லை. ஆபீசர் வெளியே போய்ச் சத்தம் போட்டார்: "யாருய்யா நீ?"

"பொண்ணு வூடு சார்!"

எங்கள் பக்கத்திலிருந்து வேறு சொந்தக்காரர்கள் யாரும் வந்திருக்கவில்லை.

மகள் செங்கற்பட்டில் தனிக்குடித்தனம் போனாள். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி வைப்பது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அப்படி ஒரு சாயங்காலம் சைனா செட்டு டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"வந்துட்ச்சி டீச்சரம்மா! அம்மா பாட்டு வந்துட்ச்சி!"

காது கொடுத்தேன். ஓர் ஆண் குரல், ஏற்ற இறக்கமில்லாமல், ஏதோ விளைச்சல் கணக்கு மாதிரி சீனத்தில் வாசித்துக்கொண்டிருந்தது. அது செய்தி என்பது எனக்கே தெரிந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அந்த அம்மா இன்னா சொல்லுதுன்னா... பொண்ணு போயிட்ச்சி, வூடு வெறிச்சோன்னு கீது. ஆனா ஞாயித்துக்கெயம காலீல பஸ்ஸு புடிச்சி வந்துடும். மாப்ளயும் வருவாரு. வஞ்சிரம் மீனு வாங்கி வெக்கணும்னு பாடுது."

செய்தி வாசித்தவர் இருமினார்.

"நல்ல பாட்டு," என்றேன். "அந்த வஞ்சிரம் வர்ற அடிய இன்னொரு தரம் சொல்லுங்க."