நெஞ்சு அவவின்ரை, பொறுப்பு என்ரை

உவர்மலை,
திருகோணமலை.
12.02.1998

பேரன்பும் பெருமதிப்பும் உள்ள மச்சாள் குணமணி அறிவது,

மட்டக்களப்பில் நீரும் வீட்டாரும் ஒரு குறையுமின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும், உமது அக்கா கமலேஸ்வரியின் இருதயம் ஒன்றைத் தவிர, மற்றெல்லா உறுப்புகளும் சுகமாக இருக்கிறோம். நிற்க. நிற்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன மார்கழியில் கோணேசர் கோயிலுக்குப் போகையில், கோட்டை வாசலில் சோதனை வரிசையில் நின்ற அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டா. அங்கே நின்ற ஆமிக்காரர் ஓடிவந்து தன்னுடைய கதிரையைப் போட்டார், பதற்றத்தில் அதில் நான் இருந்துவிட்டேன். இதைப் பக்கத்து வீட்டு மைமூனாவிடம் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் அக்கா சிரிக்கிறா, அது போகட்டும். பிறகு கொழும்புக்குக் கொண்டுபோய் மை விட்டுப் படம் எடுத்ததில் இருதயத்தில் மூன்று இரத்தக் குழாய் அடைப்பு என்று வந்தது. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போன திங்களுக்கு முதல் திங்கள் இங்கத்தைய கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் பாக்கியரத்தினம் என்று புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், நல்ல மனிதர், ஆனால் ஒரு பழக்கம் சரியில்லை. நோயாளியைக் கேள்வி கேட்கிறார்.

"எப்பிடியம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"படியேறினா இளைக்குது டொக்டர்," என்றேன்.

"நித்திரை வருதோ?"

"மூண்டு தலகணி வைச்சு இருந்தபடிதான் நித்திரை," என்றேன்.

"இனி என்ன செய்யலாம் எண்டு யோசிக்கிறீங்கள் அம்மா? உங்களுக்கு எது விருப்பம்?"

"அவவுக்கு அப்பிடி விருப்பம் எண்டு ஒண்டும் இல்லை," என்றேன். உண்மைதானே மச்சாள், நாற்பத்தொரு வருடத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை.

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். "ஐயா, நெஞ்சு ஆற்றை?"

"நெஞ்சு அவவின்ரை. பொறுப்பு என்ரை."

"அப்ப பொறுப்பு கொஞ்ச நேரம் வெளியிலை இருக்கட்டும்," என்று சொல்லி என்னை விறாந்தை வாங்கில் இருத்திவிட்டார். துறைமுகக் கந்தோரில் முப்பத்தாறு வருடம் வேலை செய்து தலைமை லிகிதராக இளைப்பாறியவன் நான், என் கையொப்பம் இல்லாமல் ஒரு சிமெந்து மூட்டை ஜெட்டியை விட்டு நகராது, அப்படிப்பட்டவனை வெளியே இருத்திக் கதவைச் சாத்தினால் எப்படி இருக்கும்? காதைக் கதவோடு வைத்தேன், மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. தாதி லைலா வந்து, "ஐயா, கதவு நோயாளி இல்லை, அதைச் சோதிக்காதீங்கோ," என்று திரும்ப வாங்குக்கு அனுப்பினா. அந்த நேரம் பார்த்து நேவிக்காரர், சுழியோடி ஆரும் வராமல் இருக்க வழமையாகப் போடுகிறதுபோல, துறைமுகத் தண்ணிக்குள் வெடி போட்டார்கள், யன்னல் எல்லாம் அதிர்ந்தது, நான் வாங்கை விட்டு எழும்பிவிட்டேன். உள்ளே அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. இருபத்தைந்து நிமிடம்! மூன்று குழாய் அடைத்த ஒரு மனுசிக்கும் டொக்டருக்கும் சிரிக்க என்ன இருக்கிறது, நீரே சொல்லும்.

வெளியே வந்ததும், "என்ன கதைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"ரெண்டு வழி இருக்காம். கொழும்பிலை ஒப்பரேசன், இல்லாட்டி குளிசையோடை வீட்டிலை கவனமா இருக்கிறது. ஒப்பரேசனிலை நூறு பேரிலை நாலு பேர் எழும்பாமலும் போகலாமாம். குளிசையோடையும் கனகாலம் இருக்கலாமாம், ஆனா நோவும் இளைப்பும் கூடவே இருக்குமாம். எது எண்டு யோசிச்சுச் சொல்லட்டாம்."

"ஆரை?"

"என்னை."

மச்சாள், எனக்குத் தலை சுற்றியது. எந்த ஜெட்டியில் கட்டுவது என்று கப்பலிடமா கேட்கிறது? படித்த டொக்டருக்குத் தெரியாததா உமது அக்காவுக்குத் தெரியப்போகிறது? அன்று பின்னேரமே பாமசி வைத்திருந்த இரத்தினசிங்கத்திடம் போனேன். அவர் ஒப்பரேசன்தான் என்றார், நானும் ஒப்பரேசன் என்று முடிவெடுத்து கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் என் மருமகனுக்கு அறை பார்க்கச் சொல்லிக் கடிதம் போட்டேன், சுடுதண்ணிப் போத்தலும் வாங்கினேன். புதன்கிழமை, கொழும்புக்குப் போகிற கந்தளாய்ப் பாதையை மூடிவிட்டார்கள் என்று கதை வந்தது, உடனே குளிசைதான் என்று மாறி மருமகனுக்கு இரண்டாவது கடிதம் போட்டேன். வியாழக்கிழமை, முன்பு துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய அப்துல் மஜீத், தன்னுடைய மச்சான் ஒப்பரேசன் செய்து இப்போது சைக்கிள் ஓடுகிறார் என்றார், மூன்றாவது கடிதம் போட்டேன். வெள்ளிக்கிழமை அந்த மச்சானை நேரில் பார்த்தேன், சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனார், நான்காவது கடிதம். மருமகன் எந்தக் கடிதத்தை எந்த வரிசையில் வாசித்தாரோ, அவர் தந்தியடித்தது இது ஒன்றுதான்: அறை இருக்கிறது, நோயாளி யார்? இவ்வளவு அலைச்சலுக்கும் உமது அக்கா ஒரு சொல் சொல்லவில்லை. குசினியில் இருந்து மீன் கழுவிக்கொண்டு, "இண்டைக்கு என்ன முடிவு?" என்று மட்டும் கேட்பா, வானொலியில் காலநிலை கேட்பதுபோல.

கடைசியாக ஒப்பரேசன் என்று உறுதிசெய்து, நேற்றுத் தனியாகக் கிளினிக்குக்குப் போய், "அவவுக்கு ஒப்பரேசன் சம்மதம்," என்று சொன்னேன்.

டொக்டர் என்னை இரக்கமாகப் பார்த்தார். "அம்மா போன கிழமை செவ்வாய்க்கிழமையே வந்து தன்ரை முடிவைச் சொல்லிட்டுப் போட்டா, ஐயா."

செவ்வாய்க்கிழமை மைமூனாவோடு மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லித்தான் போனவ! மீனும் வாங்கித்தான் வந்தவ, பாரை மீன், நானும் சாப்பிட்டேன்.

"என்ன முடிவு சொன்னவ?"

"அதை அவவிட்டைக் கேளுங்கோ."

இதிலேதான் சிக்கல். எனக்கு அவவிடம் கேட்கத் தெரியவில்லை, மச்சாள். இத்தனை வருடமும் சொல்லித்தான் பழக்கம். வீடு மாறுகிறோம் என்று சொல்லியிருக்கிறேன், மகளுக்குக் கலியாணம் பேசியாச்சு என்று சொல்லியிருக்கிறேன். நேற்றுப் பின்னேரம் குசினி வாசலில் போய் நின்றேன். "கமலேசு," என்றேன். "என்ன?" என்றா. "தேத்தண்ணி இருக்கோ?" என்று வாயில் வந்துவிட்டது. போட்டுத் தந்தா, குடித்தேன். அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் போனேன், திரும்பவும் தேத்தண்ணி. இன்றைக்கு மட்டும் ஏழு தேத்தண்ணி குடித்தாகிவிட்டது, சீனிப் போத்தலில் அடி தெரிகிறது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒரு பயம், செய்கிறேன் என்று சொல்லியிருந்தால் அந்த நாலு பேரை நினைத்து இன்னொரு பயம். எந்தப் பயத்தைப் படுவது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் படுகிறேன்.

ஆகையால் நீர் உடனே அக்காவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டு, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல், டொக்டரிடம் என்ன சொன்னவ என்று நைசாகக் கேட்டு எனக்கு எழுத வேணும். பாதை சரியில்லை, நீர் புறப்பட்டு வந்துவிடாதேயும். இது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லும். கோணேசப் பெருமான் எல்லோரையும் காப்பாராக.

இப்படிக்கு,
உமது அத்தான்,
க. சிவகுருநாதன்

பி.கு.: உறை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுப்பதற்குக் குசினிக்குப் போனேன். "ஆருக்குக் கடிதம்?" என்று அக்கா கேட்டா. உமக்கு என்றேன். "என்ன எழுதினீங்கள்?" பொய் சொல்ல வரவில்லை. "நீர் டொக்டரிட்டை என்ன சொன்னனீர் எண்டு கேட்டு எழுதினனான்," என்றேன். அவ சிரித்த சிரிப்பில் இளைத்துப்போய்க் கதிரையில் இருந்துவிட்டா, நான் பயந்துபோனேன். "நான் இஞ்சை நிக்கிறன், கடிதம் மட்டக்களப்புக்கோ?" என்றா.

"சரி, என்ன சொன்னனீர்?" என்று கேட்டேன். கேட்டே விட்டேன்.

"ஒப்பரேசன் செய்யிறன் எண்டு சொன்னனான். பங்குனி இருபது வரட்டாம். பேரப்பிள்ளையைத் தூக்கினா இளைக்குது, துணி தோய்ச்சா இளைக்குது. இப்பிடியே இருந்து இருந்து பழக எனக்கு விருப்பமில்லை."

"பயமில்லையோ?"

"பயம்தான். நீங்கள் கேக்கேல்லை, நான் சொல்லேல்லை."

நானும் பயம் என்றேன். "அது ஊருக்கே தெரியும்," என்றா. அதற்குப் பிறகு அவ கீரை ஆய்ந்தா, நானும் பக்கத்தில் இருந்து ஆய்ந்தேன். தேத்தண்ணி நான் கேட்கவில்லை.

ஆகவே மேலே சொன்னபடி நீர் ஒன்றும் கேட்டு எழுத வேண்டாம். வரவேண்டாம் என்றதையும் விட்டுவிடும், பாதை எப்படி இருந்தாலும் கொழும்புக்கு வந்து சேரும். ஆஸ்பத்திரி வாட்டில் பக்கத்தில் நிற்க ஒருவரைத்தான் விடுவார்களாம், அவ உம்மைத்தான் வேணும் என்கிறா. தாளில் மிச்சம் இருக்கிற இடத்தில் தானும் உமக்கு ஏதோ எழுதவேணுமாம், நான் வாசிக்கக் கூடாதாம். பேனைக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறா. கொடுக்கிறேன்.