பேட்டரி ஸ்கூட்டரும் பதினேழாம் பக்கமும்

இனிமேல் கிளியனூர் ரோட்டில் நின்று எவனிடமும் லிஃப்ட் கேட்பதில்லை என்று லூர்துநாதன் சபதம் எடுத்தது, 2012 மார்ச் மாதம், ஒரு செங்கல் லாரியிலிருந்து இறங்கி வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தபோது. வயது ஐம்பத்து மூன்று. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். அந்தப் பதவிக்கு இந்தச் செம்மண் அழகா?

பெட்ரோல் வண்டி கட்டாது. பேட்டரி ஸ்கூட்டர்தான். ஆனால் யோசிக்காமல் எதையும் செய்கிற ஆளில்லை அவர். யோசித்த பிறகும் செய்கிற ஆளில்லை. எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, விலை, பயன், ஆயுள், எக்ஸ்சேஞ்ச் என்று நான்கு கட்டம் போட்டார். விழுப்புரம் வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்கினார். ஸ்கூட்டர், சோலார் தகடு, இன்வெர்ட்டர் எல்லாம் நோட்டில் ஏறின. வீட்டுக்குத்தான் எதுவும் வரவில்லை.

வீட்டில் எதிர்க்கட்சி ஒன்று இருந்தது. மனைவி சவுரியம்மாள் தையல்காரி. மே கடைசி ஞாயிறு கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கப்போகும் இருபத்திரண்டு பெண்பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன் தைக்க ஒப்புக்கொண்டிருந்தாள். அவள் மிஷின் மோட்டாரில் ஓடுவது. கரண்டோ விடியற்காலை நாலு மணிக்கு வரும், எட்டு மணிக்குப் போகும். அதற்கப்புறம் அதன் இஷ்டம்.

"கரண்டே இல்லாத ஊர்ல கரண்ட் வண்டியா? எங்க சொருகுவீங்க, என் மூக்குலயா?"

"நாலு மணிக்கு வருதுல்ல, நான் எழுந்து போடுறேன்."

"கல்யாணம் ஆன நாளா நீங்க நாலு மணிக்கு எழுந்து நான் பாத்ததில்ல. எனக்கு சோலார் வாங்கிக் குடுங்க. இருபத்திரண்டு கவுனு, இன்னும் ஒம்போதுதான் ஆயிருக்கு."

"சோலார் அறுபதாயிரம். நம்ம கையில நாப்பது. வண்டி முப்பத்துநாலு. எல்லாம் நோட்டுல இருக்கு, படிச்சிப் பாரு."

படித்தாள். அவர் எழுதிய எதையும் அவள் படித்தது அதுதான் முதல் தடவை. மத்தியானம் முழுக்கப் படித்தாள். பதினேழாம் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாள். பிறகு நோட்டை மூடி, "சரிங்க, வண்டியே வாங்கிடலாம்" என்றாள்.

அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

கடையில் அவள் கேட்ட கேள்வி இரண்டுதான்.

"ஏம்ப்பா, இந்த பேட்டரிய கழட்ட முடியுமா?"

"நாலும் தனித்தனியாம்மா. வீட்டுக்குள்ள எடுத்துக்கினு போயே சார்ஜ் போடலாம்."

"அப்ப அந்த இன்வெர்ட்டர் பொட்டி மட்டும் என்னா விலை? பேட்டரி வேணாம், வெறும் பொட்டி."

ஐயாயிரம் என்றார்கள். லூர்துநாதனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பேட்டரி இல்லாத இன்வெர்ட்டர்! மாடு இல்லாமல் கயிறு வாங்குகிறாள்! ஆனாலும் ஜெயித்தவன் கொஞ்சம் தாராளமாக இருக்க வேண்டாமா? வாங்கிக் கொடுத்தார்.

வண்டி வீட்டுக்கு வந்து இறங்கியது. அவர் சாவியை எடுத்தார். அவள் கையைப் பிடித்தாள்.

"ஜெபம் சொல்லி மந்திரிக்காத வண்டியில ஏறுவீங்களா? சாமியாரு வேளாங்கண்ணிக்கு தியானத்துக்குப் போயிருக்காரு. புதுநன்மை ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி மந்திரிச்சிக்கலாம். பத்து நாளு பொறுங்க."

நியாயம். அவர் மறுபடி ரோட்டில் நின்றார்.

ஆனால் தினம் நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து சார்ஜ் போட்டார். ஒரு விஷயம்தான் உறுத்தியது.

"சவுரி, ஓட்டாமலே சார்ஜ் எறங்குதே!"

"இந்த வெயிலுக்கு ஆவியாயிருக்குங்க."

அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார். எதிர்வீட்டு எலக்ட்ரீசியன் மாசிலாமணி அந்தப் பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனதிலிருந்து அவரைப் பார்த்தாலே காரணமில்லாமல் சிரித்தான்.

சாயங்காலங்களில் கவுன்கள் குவிந்துகொண்டே போயின. பாவம், மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காலாலேயே மிதித்துத் தைக்கிறாள் என்று நினைத்தார். மனசு அடித்துக்கொண்டது. நான் சுயநலக்காரனா? முப்பத்துநாலாயிரத்தை என் கௌரவத்துக்கே கொட்டிவிட்டேனா? ஒருநாள் கேட்டேவிட்டார்.

"கால் வலிக்குதா சவுரி? அடுத்த வருஷம் சோலார் வாங்கித் தர்றேன்."

"அவசரம் இல்லிங்க" என்றாள் அவள். அந்தப் பொறுமை அவரைக் கண்கலங்க வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை. சாமந்தி மாலை போட்ட வண்டியைக் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். பூப்போல நகர்ந்தது. "பாத்தியா வெயிட்டே இல்ல! இதான் டெக்னாலஜி" என்றார் மாசிலாமணியிடம். அவன் கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டான்.

பூசை முடிந்தது. இருபத்திரண்டு வெள்ளை கவுன்களும் வண்டியைச் சுற்றி நின்றன. சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க லூர்து."

சாவியைத் திருப்பினார். சத்தமில்லை. சத்தம் வராத வண்டிதான், ஆனால் நகரவும் இல்லை. மறுபடி திருப்பினார். ஊரே பார்த்தது. சீட்டைத் தூக்கினார். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழம் வெள்ளை லேஸ் கிடந்தது.

"அதுவா?" என்றாள் சவுரியம்மாள் மெதுவாக. "அந்த டயானா பொண்ணு கவுனுக்கு காலைல லேஸ் பாக்கி இருந்திச்சி. ஆறு மணிக்கே கரண்ட் போயிடிச்சி. திரும்ப மாட்ட நேரமில்லிங்க."

"திரும்பவா? அப்படின்னா... தினமுமா?"

"நீங்கதான பதினேழாம் பக்கத்துல எழுதியிருந்தீங்க? வண்டி விலையில பாதி பேட்டரிக்கு, அது ஒரு நாள்ல ரெண்டு மணி நேரம் ஓடும், மீதி நேரம் சும்மா கெடக்கும், வேஸ்ட்டுன்னு. அதான் வேஸ்ட்டாக்கல."

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு கவுனைத் தொட்டுப் பார்த்தார். "தையல் ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆகஸ்ட் திருவிழாவுக்குப் பாடகர் குழுவுக்கு நாப்பது அங்கி வேணும். முடியுமா?"

"சாமி ஆசீர்வாதம், பேட்டரி இருக்கு."

ஆகஸ்ட் வரைக்கும் லிஃப்ட் கேட்டு நிற்க வேண்டிய ரோடு முழுவதும் லூர்துநாதன் கண்முன்னே நீண்டது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். எங்கே கணக்கு தப்பியது என்று பார்க்க நோட்டைத் திறந்தார். பதினேழாம் பக்கத்தின் அடியில், அவர் கிழித்த அதே கட்டத்துக்குள், சவுரியம்மாளின் கையெழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது:

லூர்துநாதன். விலை: பத்து சவரன். பயன்: நாலு மணிக்கு சார்ஜ் போடும். ஆயுள்: கெட்டி. எக்ஸ்சேஞ்ச்: கோயிலில் கட்டியது, கிடையாது.