டேங்க் சாரின் கைராசி

"என்னங்க, கார் வந்தாச்சு!" என்று மனைவி கீழேயிருந்து கூவியபோது, டேங்க் சார் மொட்டை மாடியில் ஒரு சுவிட்சைப் பிரிய மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

அந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கே தண்ணீர் மோட்டார் போடுவது அவர்தான். ஓய்வு பெற்ற மறுநாளே, யாரும் கேட்காமல் எடுத்துக்கொண்ட பொறுப்பு. காலை ஆறு மணிக்கு மாடியேறிச் சுவிட்சைப் போட்டால், டேங்க் நிரம்பும்வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சில நாள் மோட்டார் உடனே ஓடாது. சுவிட்சை அணைத்து, செல்லமாக நாலு தட்டுத் தட்டி, மறுபடி போட்டால் ஓடிவிடும். எல்லாம் தன் கைராசி என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

இந்தக் கைராசியால்தான் வினை. மகளுக்குக் குழந்தை பிறந்து, தவழ்ந்து, இப்போது நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. தாத்தா இன்னும் முகம் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கிளம்பும் நேரத்தில், "நான் போயிட்டா இவங்க கதி என்ன ஆகுறது?" என்று பெட்டியைப் பிரித்துவிடுவார்.

இந்தத் தடவை மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "நீங்க வரலைன்னா நான் மட்டும் போறேன். திரும்பி வர்றதைப் பத்தி அங்க போய் யோசிக்கிறேன்."

அதனால்தான் கீழ் வீட்டுத் தையல்காரரை மாடிக்கு அழைத்து வந்திருந்தார்.

"இதப் பாருங்க, அமுக்கக் கூடாது. தொடணும். பூவைத் தொடுற மாதிரி."

"நாள் பூரா சட்டைக்குப் பட்டன் வைக்கிற ஆளு சார் நான். ஒரு பட்டனை அமுக்கத் தெரியாதா?"

தையல்காரர் டொக்கென்று போட்டார். கீழே மோட்டார் மூச்சு விடவில்லை.

"போச்சு! முரட்டுத்தனமா அமுக்கிட்டீங்க, கோவிச்சுக்கிச்சு!" என்று அவரை விலக்கிவிட்டு டேங்க் சாரே போட்டார். தட்டினார், தடவினார், கொஞ்சினார். ம்ஹும். காலை ஆறு மணி தவிர மற்ற நேரத்தில் அதைத் தொந்தரவு செய்ததே இல்லை. இன்றைக்குப் பார்த்துக் கொள்கையை மீறிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துக் கத்தினார். "மோட்டார் போயிடுச்சு! எல்லாரும் தண்ணி பிடிச்சு வெச்சுக்கோங்க!"

அவ்வளவுதான். எல்லா வீட்டிலும் எல்லாக் குழாயும் திறந்தன. வாளி, அண்டா, குக்கர், குழந்தை குளிக்கும் தொட்டி என்று எதையும் விடவில்லை. அதுவரை பாதி இருந்த டேங்க் களகளவென்று சத்தம் போட்டுக் காலியானது.

"பார்த்தீங்களா? நான் இன்னும் ஊருக்கே போகலை, அதுக்குள்ள இந்தக் கதி!" என்றார் டேங்க் சார். குரலில் கவலை பாதி, பெருமை பாதி.

தையல்காரர் எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார். கீழே கார் ஹாரன் அடித்தது. அதைவிடச் சத்தமாக மனைவி காரின் கதவைச் சாத்தினாள்.

எலெக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றினான். உள்ளே ஒயரே இல்லை.

"என்னப்பா இது? யார் திருடினது?"

"நான்தான் சார் கழட்டினேன். கீழே புதுசா மெஷின் வெச்சப்ப, ரெண்டு வருஷம் ஆச்சு. அதுவே காலைல ஆறு மணிக்கு மோட்டாரைப் போடும், ரொம்பினா அதுவே நிறுத்திடும். இப்ப கீழே போய் ஒரு தட்டு தட்டிவிட்டா ஓடப் போகுது."

"அப்போ... சில நாள் லேட்டா ஓடுமே?"

"உங்க வாட்ச் கொஞ்சம் ஃபாஸ்ட்டா இருக்கும் சார்."

டேங்க் சார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். முதலில் அவமானமாக இருந்தது. அழுகைகூட வரும்போல் இருந்தது. அப்புறம் என்ன நினைத்தாரோ, சிரிக்க ஆரம்பித்துவிட்டார். இத்தனை வருடமும் அந்த டேங்கைத் தலையிலேயே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்; யாரோ இப்போதுதான் இறக்கி வைத்தார்கள். நான் இல்லாவிட்டாலும் தண்ணீர் வரும். எவ்வளவு நிம்மதியான விஷயம்!

துள்ளிக்கொண்டு படியிறங்கினார். காருக்குள் மனைவி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பின்னாலேயே இறங்கி வந்து பெட்டியைக் காரில் ஏற்றிய எலெக்ட்ரீஷியனின் தோளில் தட்டினார்.

"இருந்தாலும் உங்களுக்கெல்லாம் பெரிய மனசுப்பா. என் மனசு நோகக் கூடாதுன்னு சுவிட்சை மட்டும் விட்டு வெச்சீங்களே! அந்த மரியாதையை நான் மறக்கவே மாட்டேன்."

எலெக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தான்.

"இல்லீங்க சார், அன்னிக்கே அதையும் பிடுங்கத்தான் போனேன். உங்க வீட்டம்மாதான், 'காலைல அந்த ஒரு மணி நேரம்தாம்ப்பா நான் நிம்மதியா இருக்கேன், அதுல கை வெச்சுடாத'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க."